குயுக் கானின் ஆட்சிக்காலம்: 1241 முதலா, 1246 முதலா?

வினா: பள்ளி வரலாற்று மன்றத்துக்காக மங்கோலியப் பேரரசர்களின் காலவரிசைப் படம் வரைகிறேன். ஒக்தாயி கான் 1241 டிசம்பரில் இறந்தார். அவர் மகன் குயுக் 1248இல் இறந்தார். இடைப்பட்ட காலம் முழுவதையும் குயுக்குக்கே தந்துவிடலாமா?

விடை: வேண்டாம். குயுக்குக்கு உரியவை 1246 முதல் 1248 வரையிலான ஆண்டுகள் மட்டுமே. கணக்கிட்டால் இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக வராது. தந்தை கண்மூடியதும் மகன் அரியணை ஏறும் வழக்கம் மங்கோலியரிடம் இல்லை; அரச குலத்தாரும் படைத்தலைவர்களும் கூடும் குருல்தாய் தேர்ந்தெடுத்த பிறகே ஒருவர் பேரரசராவார். ஒக்தாயி தம் பேரன் சிரேமுனையே வாரிசாக விரும்பியிருந்ததாலும், மேற்கே வலிமையோடிருந்த அரச குலத்தவரான படு கானுக்கும் குயுக்குக்கும் ஐரோப்பியப் படையெடுப்பின்போதே பகை மூண்டிருந்ததாலும், அந்தக் கூட்டம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

அதுவரை ஆட்சியை நடத்தியவர் குயுக்கின் தாய் தொரெகெனே. அவர் வெறும் காவற்பொம்மையாக இருக்கவில்லை. கணவர் காலத்து அமைச்சர் சின்கையை விலக்கினார்; வரி வசூலை அப்துர் ரஹ்மானிடம் ஒப்படைத்தார்; மகனுக்கு ஆதரவும் திரட்டினார். 1246 ஆகஸ்ட் 24 அன்று தலைநகர் கரகோரத்துக்கு அருகே குயுக் முடிசூடியபோது, போப்பின் தூதராக வந்திருந்த கார்பினி என்ற துறவி அங்கே இருந்தார் என்பதால் இந்த நாளை நம்பிக் குறிக்கலாம். முடிசூடிய மகனோ தாயின் ஏற்பாடுகளைக் கலைத்தார்: அப்துர் ரஹ்மானும் தாயின் நம்பிக்கைக்குரிய பாத்திமாவும் கொல்லப்பட்டனர், சின்கை பதவிக்குத் திரும்பினார். இரு காலங்களையும் ஒரே பட்டையாக வரைந்தால் இந்தத் தலைகீழ் மாற்றம் மறைந்துபோகும்; உங்கள் படத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது.

படத்தில் ஒரு சான்று சேர்க்க இடமிருந்தால், போப் நான்காம் இன்னொசென்ட் நேரில் வந்து பணிய வேண்டும் என்று கட்டளையிட்டு 1246 நவம்பரில் குயுக் அனுப்பிய கடிதத்தைச் சேருங்கள்; பாரசீக மொழியில் எழுதி மங்கோலிய முத்திரை இட்ட அந்த மூலம் இன்றும் வத்திக்கானில் உள்ளது.

1248இல் படு கானின் எல்லையை நோக்கிப் படையுடன் மேற்கே செல்லும் வழியில் குயுக் இறந்தார். உடனே அடுத்த பேரரசரான மோங்கே கானின் பெயரை எழுதிவிடாதீர்கள். அவர் தேர்வானது 1251இல்தான். நடுவில் குயுக்கின் மனைவி ஒகுல் கைமிஷ் பொறுப்பில் இருந்தார். ஆகவே அவருக்கும் தொரெகெனேவுக்கும் ஒரே வெளிர் நிறத்தைத் தந்து, ‘பொறுப்பு ஆட்சி’ என்று எழுதுங்கள்.