கிழமை ஒரு பெயரா?

கேள்வி: பேரனுக்குப் பெயர் தேடும்போது, உலகப் பெயர்களுக்கெல்லாம் பொருள் தரும் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. ‘கோஃபி’ என்ற ஆப்பிரிக்கப் பெயருக்கு ‘வெள்ளிக்கிழமை பிறந்தவன்’ என்று மட்டுமே போட்டிருக்கிறது. பெற்ற பிள்ளைக்குக் கிழமையையா பெயராக வைப்பார்கள்? நம்மைப்போல் பொருள் பார்த்துப் பெயர் வைக்க அவர்களுக்குத் தெரியாதா?

பதில்: ஒரு கண்டத்தையே ஒரே தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டாம். கோஃபி என்பது கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் வாழும் அக்கான் மக்களின் பெயர். ஒவ்வொரு கிழமைக்கும் உரிய ஆன்மாவோடு குழந்தை பிறக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே திங்களில் பிறந்த ஆண் கோஜோ, புதனில் பிறந்தவன் குவாக்கு, சனியில் பிறந்தவன் குவாமே. பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. இது பெயரின் ஒரு பகுதிதான். எட்டாம் நாள் குழந்தையை முதன்முறையாக வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து, தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லும் உண்மையாளனாக வளரவேண்டும் என்று இரண்டையும் நாவில் தொட்டுவைத்து, குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் பெயரையும் சூட்டுகிறார்கள்.

ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவரின் முழுப்பெயர் கோஃபி அட்டா அன்னான். அவர் பிறந்த 1938 ஏப்ரல் 8 ஒரு வெள்ளிக்கிழமை. அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர். அன்னான் என்றால் நான்காவது பிள்ளை. நம் பிறப்புச் சான்றிதழ் கூட இவ்வளவு சொல்லாது.

சான்றிதழ் தவறும் இடத்திலும் பெயர் சாட்சியாக நிற்பதுண்டு. கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே என்குருமாவின் பிறந்த நாளைப் பாதிரியார் 1909 செப்டம்பர் 21 என்று பதிந்துவைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. தாம் சனியில் பிறந்தவர் என்பதைக் கொண்டு, செப்டம்பர் 18 தான் பொருந்தும் என்று என்குருமா கணக்கிட்டார். ஜார்க்கண்டின் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவுக்கும் வியாழனில் பிறந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அவர் பிறந்த நாளாக நாடு கொண்டாடும் 1875 நவம்பர் 15 ஆம் தேதியோ திங்கள். எதை நம்புவது என்று கேட்டால், நான் பெயரின் பக்கமே சாய்வேன்.

இனி ‘நம்மைப்போல்’ என்பதற்கு வருவோம். குழந்தை அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, ல என்ற எழுத்துகளில் ஒன்றில்தான் பெயர் தொடங்கவேண்டும் என்று சோதிடர் எழுதிக்கொடுத்த சீட்டோடுதானே நம்மில் பலர் அந்தப் பட்டியல்களுக்குள் நுழைகிறோம்? பிறந்த வேளையைப் பார்த்துப் பெயர் வைப்பது நம்மிடமும் இருக்கிறது. அவர்கள் கிழமையை வெளிப்படையாகச் சொல்கிறார்கள், நாம் நட்சத்திரத்தை முதல் எழுத்தில் ஒளித்துவைத்து, அதற்குமேல் ‘ஒளிமயமானவன்’ என்று ஏதோ ஒரு பொருளை ஒட்டிக்கொள்கிறோம்.

பொருள் பார்த்து வைப்பதுதான் பெருமை என்றால், குப்பனையும் குப்பம்மாளையும் எங்கே வைப்பீர்கள்? பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிய வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று குழந்தையைக் குப்பையில் இட்டு எடுத்து, எமனுக்கும் வேண்டாத பெயராகப் பார்த்து வைத்தார்கள். அக்கான் வீடுகளிலும் அப்படிப் பிழைத்த குழந்தைக்கு ‘சுமினா’ என்று பெயரிடுவதுண்டு. அதற்கும் குப்பைமேடு என்றே பொருள். இரண்டு தாய்மார்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே அச்சத்தில் ஒரே பெயரைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் பட்டியல் எந்த வரியில் சொல்லும்?

கிழமைப் பெயரைக் கண்டு இளக்காரமாகப் பேசியவர்களில் நீங்கள் முதலானவரும் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளை வேலைவாங்கிய கரீபியக் கரும்புத் தோட்ட முதலாளிகள் ‘குவாஷி’ என்ற ஞாயிற்றுக்கிழமைப் பெயரை அடிமைகள் அனைவரையும் ஏளனமாகக் குறிக்கும் சொல்லாக்கினார்கள். அத்தகைய தோட்ட முதலாளிகளை எதிர்த்து 1763 இல், தென் அமெரிக்காவில் இன்றைய கயானாவில் இருக்கும் பெர்பிஸில் எழுந்த பெருங்கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் கஃபி. அதே கோஃபிதான், கடல் கடந்ததில் கொஞ்சம் திரிந்த உருவம். அந்தக் கலகம் தொடங்கிய பிப்ரவரி 23 ஆம் நாளையே 1970 இல் தன் குடியரசு நாளாகத் தேர்ந்துகொண்ட கயானா, தலைநகர் ஜார்ஜ்டவுனில் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறது.