உயிரியலும் தத்துவமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி (அரூர்): சார், பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். மனசு தத்துவத்துல போகுது. எம்.எஸ்சி. வேண்டாம், எம்.ஏ. தத்துவம் சேரலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆய்வகத்திலிருந்து தத்துவத்துக்குப் பிறகும் போகலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். எம்.எஸ்சி.யை நேரடியாகப் படித்துக்கொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. தத்துவம் சேருங்கள். எந்தப் பட்டம் என்றாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகளுக்கு யு.ஜி.சி. 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டது. இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பர் தேர்வு உங்கள் செமஸ்டரோடு மோதலாம், அதனால் எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுதப் போகாதீர்கள்.

கேள்வி (பாலக்கோடு): உயிரியல் ஆய்வுக்குத் தத்துவம் எதுக்கு? சும்மா பேச்சுக்குத்தானே?

பதில்: சந்தூர் நர்சரியில் ஒட்டுக்கட்டிய பெங்களூரா மாங்கன்று ஒன்றைப் பாருங்கள். அடியில் இருப்பது மாங்கொட்டை முளைத்த வேர்ச்செடி, மேலே தாய்மரத்துக் குச்சி. அந்த ஒரே ரகத்தின் மேல்பாகம் ஆயிரம் தோப்புகளில் நின்றாலும் மரபணு ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் அது ஓர் உயிரா, ஆயிரம் உயிர்களா?

சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1977-ல் இதே கேள்வியை அசுவினிப் பூச்சியையும் டான்டிலியன் செடியையும் வைத்துக் கேட்டார். பாலினச் சேர்க்கை இல்லாமல் பெருகிய கூட்டம் மொத்தமும் பரிணாமக் கணக்கில் ஒரே உயிர் என்பது அவர் வாதம். எதிர்வாதமும் வலுவானது: ஒவ்வொரு மரமும் தனியாகக் காய்க்கிறது, தனியாக நோய்வாய்ப்படுகிறது. ஒட்டுக்கன்று என்றால் வேர் வேறு மரபணு, கிளை வேறு மரபணு.

இது வெறும் பேச்சு இல்லை. முப்பது பெங்களூரா மரத்து இலைகளை எடுத்து "மரபணுப் பன்மை" அளந்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை முப்பது ஆகாது, கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே முப்பது மரங்களில் உரத்துக்கு மகசூல் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், உரத்தை மரத்துக்கு மரம் குலுக்கலில் பிரித்துப் போட்டிருக்கும்வரை முப்பது என்று எண்ணலாம். ஒரு தோப்புக்கு முழுக்க ஒரு உரம், பக்கத்துத் தோப்புக்கு வேறு உரம் என்றால் அதுவும் போச்சு, எண்ணிக்கை இரண்டுதான். "தனி உயிர் எது" என்று முதலில் கேட்காதவர்கள் தவறுவது இங்கேதான். புள்ளியியல் மென்பொருள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): யானை ஏன் ராகிக் காட்டுக்கு வருதுன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்களே?

பதில்: எல்லாருமே சரியாக இருக்கலாம். விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963-ல் "ஏன்" என்பதை நான்காகப் பிரித்தார். வாசனையும் பசியும் உடனடிக் காரணம். கூட்டத்தோடு சேர்ந்து பழகியது வளர்ச்சிக் காரணம். குறைந்த அலைச்சலில் கிடைக்கும் சத்து, பயன். புல் மேயும் மூதாதை வழி, வரலாறு. ஒருவர் ஒன்றாவதற்கும் இன்னொருவர் மூன்றாவதற்கும் பதில் சொல்லிக்கொண்டு சண்டை போடுவார்கள்.

கேள்வி (ஓசூர், ஒரு தாய்): பொண்ணு உயிரியல், தத்துவம்னு இதுலேயே போகணும்கிறா. வேலை கிடைக்குமாங்க?

பதில்: தத்துவத் துறைப் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லைம்மா. அதனால் உயிரியலில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) முதலில். மொத்தம் 200 மதிப்பெண். சி பகுதியில் 75 கேள்விகளில் 25 எழுதினால் 100 அங்கேயே. தவறான பதிலுக்குக் கால் பங்கு கழியும் என்பதால் சி-யில் ஒரு தவறுக்கு 1 மதிப்பெண் போகும். பாடத்திட்டத்தில் சூழலியல், பரிணாமம்-நடத்தை என்ற இரண்டு அலகுகள் இந்தப் பெண்ணுக்குப் பிடித்துப் படிக்க வரும். கல்லூரியில் தத்துவம் நடத்த ஆசை என்றால் தத்துவ எம்.ஏ.வும், அதோடு தத்துவத்தில் யு.ஜி.சி. நெட், மாநில செட், பிஎச்.டி. இவற்றில் ஒன்றும் தனியாக வேண்டும், உயிரியல் பிஎச்.டி. அதற்கு ஈடாகாது.

இரண்டையும் செய்தவர்கள் உண்டு. மாசிமோ பிக்லியூச்சி மரபியல், தாவரவியல், தத்துவம் மூன்றிலும் முனைவர். மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும் படித்தவர், அறிவியலில் பட்டமே கிடையாது. 1957-ல் கொல்கத்தாவுக்கு வந்து, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார். அந்தக் காலத்து வாசல் அது. இன்று பட்டம் இல்லாமல் யாரும் உள்ளே விட மாட்டார்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): பிஎச்.டி. விண்ணப்பத்துல தத்துவ ஆர்வத்தை எழுதலாமா?

பதில்: கடைசிப் பத்தியில் மூன்று வரி. "வாழ்வின் பொருள்" என்று தொடங்கினால் அத்தோடு மூடிவைப்பார்கள். எந்த உயிரினம், எந்தக் கேள்வி, எந்த முறை என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.