எட்டடிப் பலகையில் பிலாய் உருக்காலை

கேள்வி: அப்பா பிலாய் உருக்காலையில் வேலை பார்த்தார், என் பள்ளிப்பருவம் முழுக்க அங்கேதான். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கொதிக்கும் கசடை ராத்திரி ரயிலில் கொண்டுபோய்க் கொட்டும்போது வானமே சிவந்துவிடும். அதை மாடல் ரயிலாகச் செய்ய ஆசை. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் போட இடம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கசடு கொட்டும் மேட்டிலிருந்தே தொடங்குங்கள். நம் ரயில்வேக்குத் தண்டவாளம் உருட்டித் தரும் ஊரையே ரயில் மாடலாகச் செய்யப் போகிறீர்கள், எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆலை முழுவதையும் கொண்டுவர நினைக்காதீர்கள். எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவில் எல்லாமே 87-ல் ஒரு பங்கு, அரை கிலோமீட்டர் கொட்டகை என்றால் அதுவே ஐந்தே முக்கால் மீட்டர் வந்துவிடும். முன்சுவரை மட்டும் அட்டையில் செய்து பின்பலகையோடு ஒட்டிவிடுங்கள். இரும்பை உருக்கும் ஊதுலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 60 மீட்டர் உயரத்துக்கு 69 செ.மீ. ஆகிறது, ஆகட்டும், சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த உலை அல்லவா. கடையில் விற்கும் பாகங்களின் தொகுப்பான கிட் வாங்கினால் பெரும்பாலும் அமெரிக்க ஆலை மாதிரிதான் கிடைக்கும். பிலாயோ சோவியத் உதவியில் கட்டியது, 1959-ல் முதல் உலை இயங்கத் தொடங்கியது, அதனால் கிட்டின் குழாய்களை எடுத்துக்கொண்டு பழைய போட்டோவைப் பார்த்து நீங்களே அடுக்குங்கள்.

எச்.ஓ. பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. நம் பிராட்கேஜுக்குக் கணக்குப்படி 19 மி.மீ.க்குச் சற்று மேலே வேண்டும். இதற்காகத் தண்டவாளத்தைக் கையால் செய்ய உட்காராதீர்கள், ஓடும்போது கண்ணுக்கே தெரியாது. வட்டப் பாதையும் தேவையில்லை, உலையடியிலிருந்து மேட்டுக்குப் போய்த் திரும்பும் ஒற்றைப் பாதையும் இரண்டு பக்கப் பாதையும் போதும், ஆலைக்குள் ரயில் மெதுவாகத்தானே நகரும். 45 செ.மீ. ஆர வளைவில் நீண்ட எஞ்சின் அசிங்கமாகத் தெரியும், குட்டி ஷண்டிங் டீசலாகப் பாருங்கள்.

கசடுதான் உயிர். மேட்டுச் சரிவில் சூட்டுப் பசையை வழியவிட்டு, அடியில் மினுங்கும் எல்.இ.டி. வையுங்கள், கசடு சுமந்துவரும் கொப்பரை வண்டியின் வாயில் மஞ்சள், வழிய வழிய ஆரஞ்சு, ஓரத்தில் கருஞ்சிவப்பு. அப்புறம் தல்லி ராஜ்ஹரா சுரங்கங்களிலிருந்து வந்த இரும்புத்தாதுவின் செம்புழுதி வேண்டுமே, அதற்குக் காவிப்பொடியை உலர்ந்த தூரிகையில் தொட்டு வண்டி, சுவர் எல்லாவற்றிலும் தடவுங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள், சக்கரம் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது.

பாதையை உடனே ஒட்டாமல் குண்டூசி குத்தி ஒரு வாரம் ஓட்டுங்கள், வளைவில் கொப்பரை எதிலும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு பசை போடலாம்.