ஹாரர் பட வரிசையில் பல வருஷம் கழித்துப் புதுப் பாகம் எடுக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? சில மட்டும் ஏன் நன்றாக வருகின்றன?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும். (கதை முடிச்சுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நல்ல புதுப் பாகம் எடுத்தவர்கள் எல்லாரும் படப்பிடிப்புக்கு ரொம்ப முன்னாடியே ஒரு கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள்: முதல் படத்தில் நம்மைப் பயமுறுத்தியது எது? விடை கிடைத்ததும் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றதில் கை வைக்கத் தயங்கவில்லை. சொதப்பிய படங்களில் முகமூடி இருக்கும், கத்தி இருக்கும், பழைய வசனம்கூட இருக்கும். பயம் மட்டும் இருக்காது.

'ஹாலோவீன்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் ஜான் கார்பென்டர் முதல் படத்தைச் சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்தார். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் போட்டிருக்கும் முகமூடி கடையில் வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம் அது. கண் ஓட்டையைப் பெரிதாக்கி வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், படப்பிடிப்போ வசந்த காலத்துக் கலிஃபோர்னியாவில். அதனால் வண்ணம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி வைத்து, அடுத்த காட்சிக்கு மறுபடி தூவினார்கள்.

இந்தச் சிக்கனக் கதைகளை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் படத்தில் மைக்கேல் எதற்காகக் கதாநாயகி லாரியைத் துரத்துகிறான் என்பதற்குக் காரணமே கிடையாது. அவள் அவனுடைய பழைய வீட்டு வாசலுக்கு வந்தாள், அவன் பார்த்தான், அவ்வளவுதான். யாருக்கும் நடக்கலாம் என்பதால்தான் வயிறு கலங்குகிறது. 1981-ல் வந்த இரண்டாம் பாகம் அதற்கு ஒரு காரணம் கொடுத்தது: லாரி அவனுடைய தங்கை. கதைக்கு வசதிதான். ஆனால் அந்த நிமிஷமே பார்வையாளர் பத்திரமாகிவிட்டார், அவர் மைக்கேலின் தங்கை இல்லையே! பிறகு வந்த பாகங்கள் காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்கி, ரகசியக் கூட்டம், சாபம் என்றெல்லாம் போய்விட்டன. நடுவில் 1982-ல் மூன்றாம் பாகம் மைக்கேலையே தூக்கிவிட்டு முற்றிலும் வேறு கதை சொன்னது. ரசிகர்கள் ஏற்கவில்லை. 1988-ல் அவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

2018-ல் இயக்குநர் டேவிட் கார்டன் கிரீனும் அவரோடு திரைக்கதை எழுதிய டேனி மெக்பிரைடும் கையில் எடுத்தபோது செய்த முதல் வேலை, 1978 படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நடக்காததாக ஆக்கியது. தங்கை விஷயம் ஊரார் கட்டிவிட்ட கதை என்று படத்திலேயே ஒரு பாத்திரம் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்தத் திரைக்கதையின் மேல் பெரிய மரியாதை. காரணத்தை அழித்தார்கள், பயம் திரும்பி வந்தது.

அதற்கப்புறம்தான் மற்ற வேலைகள். ஒப்பனைக் கலைஞர் கிறிஸ்டோஃபர் நெல்சன் அந்த முகமூடிக்கு 40 வயது கூட்டினார். ரப்பர் சுருங்கி, வெடித்து, அழுக்கேறி, தனியாக ஒரு முகம்போல ஆகியிருக்கும். 1978-ல் முகமூடிக்குள் இருந்த நிக் காசில் சிறிது நேரம் வந்து போக, பெரும்பகுதியை ஜேம்ஸ் ஜூட் கோர்ட்னி நடித்தார். கார்பென்டரே தன் மகன் கோடியோடும் டேனியல் டேவீஸோடும் சேர்ந்து இசையமைத்தார். ஜேமி லீ கர்டிஸ் லாரியாகத் திரும்பி வந்தார். இன்றைய ஹாலிவுட் கணக்கில் சின்ன பட்ஜெட் படம், வசூல் 25 கோடி டாலரைத் தாண்டியது. 2021-லும் 2022-லும் வந்த அடுத்த இரண்டு பாகங்கள் என்னை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. கடைசிப் பாகம் கதையின் கனத்தை வேறொரு இளைஞன் மேல் வைத்தது. துணிச்சலான யோசனைதான், ஆனால் மைக்கேலைப் பார்த்துப் பயப்பட வந்தவருக்கு அதில் இடம் குறைவு.

கதைக்கு முன்னால் காகிதம் என்று ஒன்று இருக்கிறது. 'ஏன் இன்னும் அடுத்த பாகம் வரவில்லை' என்ற கேள்விக்குப் பல சமயம் விடை உரிமைப் பத்திரங்களில்தான் இருக்கும். 'ஃப்ரைடே தி தர்டீன்த்' வரிசையின் கடைசிப் படம் 2009-ல் வந்தது. முதல் படத்தின் திரைக்கதையை எழுதிய விக்டர் மில்லர், எழுத்தாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தங்கள் உரிமையைத் திரும்பப் பெறலாம் என்ற அமெரிக்கச் சட்டத்தைப் பயன்படுத்தி உரிமை கோரினார். 2018-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 1980-ல் வந்த அந்த முதல் படத்தில் கொலைகாரி ஜேசனின் அம்மா. கொலைகாரனாக நமக்குத் தெரிந்த ஜேசன், அவனுடைய ஹாக்கி முகமூடி, எல்லாம் பிந்தைய பாகங்களில் வந்தவை. முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. ஆக முதல் படத்தின் கதை ஒருவரிடம், மக்கள் மனதில் நிற்கும் உருவம் இன்னொரு தரப்பில். இந்த நிலையில் எந்த இயக்குநர் வந்து என்ன யோசனை சொன்னாலும் படம் எப்படி நகரும்?

சரி, எனக்கு மிகப் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன்.

'ஃபைனல் டெஸ்டினேஷன்' வரிசையில் முகமூடி போட்ட ஆள் யாரும் கிடையாது. சாவுதான் வில்லன், அதற்கு உருவமும் இல்லை. ஒருவருக்குப் பெரிய விபத்து ஒன்று முன்கூட்டியே தெரியும், சிலரைக் காப்பாற்றுவார். தப்பித்தவர்களைச் சாவு வரிசைப்படி தேடி வரும், சாதாரண வீட்டுச் சாமான்களை வைத்தே கதையை முடிக்கும். 2000-ல் விமானம், 2003-ல் நெடுஞ்சாலையில் மரத்தடி ஏற்றிய லாரி, 2006-ல் ரோலர் கோஸ்டர், 2009-ல் கார் பந்தயம், 2011-ல் தொங்கு பாலம். விபத்து மாறும், அச்சு மாறாது. அடுத்தது வர 14 வருஷம் ஆனது: 2025-ல் 'ஃபைனல் டெஸ்டினேஷன்: ப்ளட்லைன்ஸ்'.

இயக்குநர்கள் ஸாக் லிபோவ்ஸ்கியும் ஆடம் ஸ்டைனும் அந்த வாய்ப்பை வாங்கிய விதமே தனிக் கதை. தயாரிப்பாளர்களோடு ஸூமில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் கணப்பில் இருந்த தீ பரவுகிறது. பதறி அணைக்கிறார்கள். அப்பாடா என்று உட்கார்ந்ததும் மேலிருந்த மின்விசிறி கழன்று விழுந்து ஒருவருடைய தலை போய்விடுகிறது. எல்லாம் முன்பே படமாக்கி, நேரலையோடு ஒட்டிக் காட்டியது. இதைக் கவனத்தை ஈர்க்கச் செய்த வித்தை என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் ஒரு பொய் ஆபத்து, அது தீர்ந்த நிம்மதி, அந்த நிம்மதியின் நடுவில் உண்மையான அடி. இந்த வரிசையின் இலக்கணமே அதுதான். அது தங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது என்பதைப் பேசாமல் செய்தே காட்டினார்கள்.

அப்புறம் கதையில் ஒரு பெரிய மாற்றம். விபத்தை முன்கூட்டிக் கண்டது கதாநாயகி இல்லை, அவளுடைய பாட்டி. 1960-களில் உயரமான கோபுர உணவகம் ஒன்று இடிந்து விழப்போவதைக் கண்டு, உள்ளே இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றிவிடுகிறாள். அன்றைக்குச் செத்திருக்க வேண்டியவர்கள் வாழ்ந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பிறந்தே இருக்கக் கூடாத அந்தப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சாவு ஒவ்வொரு குடும்பமாக முடித்துக்கொண்டு வந்து, இப்போது இந்த வீட்டு வாசலில் நிற்கிறது. 'வரிசைப்படி' என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த வரிசை இப்போது பிறப்பு வரிசை. முந்தைய படங்களில் செத்தவர்கள் பெரும்பாலும் ஒன்றாகப் பயணம் போனவர்கள், தற்செயலாக ஒரே இடத்தில் மாட்டியவர்கள். இங்கே ஒருவர் போனதும் அடுத்து யார் என்று குடும்பமே உட்கார்ந்து வயதைக் கணக்குப் போடுகிறது. விதியில் ஒரு திருகு, படத்தின் உணர்ச்சியே மாறிவிட்டது.

அந்த விதியை அவர்கள் பயன்படுத்தும் நேர்த்தியைப் பாருங்கள். பச்சை குத்தும் கடையில் எரிக் என்ற பேரன் தனியாக மாட்டிக்கொள்ளும் காட்சியை டீசராகவே வெளியிட்டார்கள். பார்த்த எல்லாரும் அவன் கதை முடிந்தது என்றே நினைத்தோம். படத்தில் அவன் உயிரோடு வெளியே வருகிறான். பிற்பாடு தெரிகிறது, அவன் அந்த வீட்டு அப்பாவுக்குப் பிறந்தவனே இல்லை, அதனால் வரிசையிலும் இல்லை. ஒரு குடும்ப ரகசியத்தைக் கொலைப் பட்டியலின் வழியாக வெளியே கொண்டுவந்த எழுத்து அது. வீட்டுப் பின்புறத்து விருந்துக் காட்சியும் அதே ரகம். ஐஸுக்குள் விழுந்த கண்ணாடித் துண்டு, பிள்ளைகள் குதிக்கும் டிராம்போலின், அதன் அடியில் பல் நிமிர்ந்து கிடக்கும் குப்பை வாரி என எல்லாவற்றையும் முன்பே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் குடும்பத்தை நாம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்முறையிலும் அவர்கள் குறுக்கு வழி தேடவில்லை. கோபுரக் காட்சிக்காக, ஓய்வு பெற்றிருந்த 71 வயது ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் திரும்பி வந்து உடம்பில் நிஜத் தீயோடு நடித்தார். கணினி வேலையும் படத்தில் நிறைய உண்டு, ஆனால் தீக்குள் ஒரு மனித உடம்பு அசைவதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். 2023-ல் எழுத்தாளர்கள், நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு தள்ளிப்போய் 2024-ல் வான்கூவரில் நடந்தது.

டோனி டாட் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. முதல் படத்திலிருந்தே பிணவறைக்காரர் பிளட்வொர்த்தாக வந்து விதிகளைச் சொல்லும் கனத்த குரல் அவருடையது. இந்தப் பாகத்தில் நடித்தபோது அவர் உடல்நலம் மிகவும் மோசமாக இருந்தது, திரையிலேயே தெரியும். கடைசி வசனத்தை எழுதியபடி பேச வேண்டாம், ரசிகர்களிடம் என்ன சொல்ல விரும்புகிறீர்களோ அதைச் சொல்லுங்கள் என்று இயக்குநர்கள் விட்டுவிட்டார்கள். இருக்கிற ஒவ்வொரு நொடியையும் அனுபவியுங்கள் என்று அவர் பேசியது எழுத்தாளர் எழுதியது இல்லை, அவருடைய சொந்த வார்த்தை. 2024 நவம்பரில் காலமானார், படம் வந்ததைப் பார்க்கவில்லை. பழைய முகங்களைக் கைதட்டலுக்காகக் கூட்டிவரும் பழக்கம் இந்த வகைப் படங்களில் நிறைய. இங்கே அவர் வந்ததற்குக் கதையிலும் காரணம் இருந்தது: கோபுரத்தில் அன்று காப்பாற்றப்பட்ட சிறுவன்தான் பிளட்வொர்த். அவருக்கு எப்படி இத்தனை விதிகள் தெரியும் என்ற 25 வருஷக் கேள்விக்கு விடை கிடைத்தது. காரணம் சொன்னால் பயம் போய்விடும் என்று மேலே சொன்னேனே, இதில் ஏன் போகவில்லை என்றால், விளக்கப்பட்டது மனிதர்தான். சாவுக்கு ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்பதை யாரும் விளக்கவில்லை.

'ஈவில் டெட் ரைஸ்' பற்றிச் சுருக்கமாக. காட்டுக்குள் ஒரு மர வீடு என்பதுதான் அந்த வரிசையின் அடையாளம் என்று பலர் நினைத்திருந்தோம். இயக்குநர் லீ குரோனின் அதை விட்டுவிட்டு, அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்தார். புத்தகம், உள்ளே புகும் பேய், தப்பிக்க வழியில்லாத அடைப்பு, இவற்றில் மட்டும் கை வைக்கவில்லை. நியூசிலாந்தில் நடந்த படப்பிடிப்புக்குச் சுமார் 6,500 லிட்டர் போலி ரத்தம் தேவைப்பட்டது. அதைக் காய்ச்சவே பெரிய தொழிற்சாலைச் சமையலறை ஒன்றை எடுத்தார்களாம். இந்தப் படமும் 'ப்ளட்லைன்ஸ்' படமும் முதலில் ஓடிடிக்கென்றே திட்டமிடப்பட்டவை. பிறகு தியேட்டருக்கு மாற்றப்பட்டு இரண்டுமே நன்றாக ஓடின.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் 1978 'ஹாலோவீன்' பார்த்துவிட்டு, நடுவில் எதையும் பார்க்காமல் நேரே 2018 படத்துக்குப் போங்கள். அதன் பிறகு 1981 இரண்டாம் பாகத்தைப் பார்த்தால் தங்கை விஷயம் எவ்வளவு பயத்தைக் குறைக்கிறது என்று தெரியும். 'ப்ளட்லைன்ஸ்' பார்க்க முந்தைய ஐந்தும் கட்டாயம் இல்லை. முதல் படத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள், டோனி டாட் வரும் காட்சிக்காக.