இந்த வாரம் யார் ஜெயிப்பார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு வாரமும் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதிக் கொடுக்கும் போட்டி நடக்கிறது. புள்ளிப் பட்டியலைப் பார்த்து, அதிக வெற்றி உள்ள டீமைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கடைசி இடத்தில்தான் இருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: அந்தப் பட்டியலை நம்புவதில்தான். ஒரு சீசனில் ஒரு டீமுக்கு மொத்தமே 17 ஆட்டம். 3 புள்ளியில் தப்பிப் பிழைத்து ஜெயித்தாலும், 30 புள்ளியில் எதிராளியைத் துவைத்துப் போட்டாலும் பட்டியலில் அது ஒரு வெற்றி, அவ்வளவுதான். அதனால் வெற்றி தோல்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த டீம் இதுவரை எத்தனை புள்ளி எடுத்தது, எத்தனை புள்ளி கொடுத்தது என்ற வித்தியாசத்தைப் பாருங்கள்.

2022 மினசோட்டா வைக்கிங்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 13 வெற்றி, 4 தோல்வி, பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் அவர்கள் எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427. அதாவது 13 ஆட்டம் ஜெயித்த டீம் மொத்தக் கணக்கில் 3 புள்ளி பின்னால் நிற்கிறது! எப்படி என்றால், 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்கள் 11, அந்தப் பதினொன்றையும் அவர்களே ஜெயித்தார்கள். நெருக்கமான ஆட்டங்கள் ஒரு ஃபம்பிள், அதாவது கைநழுவிய பந்து, எந்தப் பக்கம் உருண்டது, கடைசி நிமிடத்தில் உதைத்த ஃபீல்டு கோல் இரு கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்பதில் முடிகிறவை. அந்த அதிர்ஷ்டத்தை அடுத்த வருஷத்துக்கு மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது. சீசன் முடிந்து வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில், முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்றார்கள். 2023 சீசனில் முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி, மூன்றும் 8 புள்ளிக்குள். நடுவில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) கர்க் கசின்ஸ் காயத்தால் வெளியே போனதும் சேர்ந்துகொள்ள, 7 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது. முந்தைய வருஷப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் மூன்று நான்கு வாரங்களில் இந்த வித்தியாசத்துக்கும் பெரிய அர்த்தம் கிடையாது, ஒரே ஒரு படுதோல்வி கணக்கையே புரட்டிவிடும்.

கேள்வி: எல்லாரும் எழுதுகிற ஃபேவரிட் டீமையே நானும் எழுதினால் எப்படி முதலிடம் வருவது? ஒவ்வொரு வாரமும் நாலைந்து அதிர்ச்சி முடிவுகள் வருகின்றனவே?

பதில்: வருகின்றன, உண்மைதான். நீண்ட காலக் கணக்கில் ஃபேவரிட்கள் ஜெயிப்பது மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்கள், மீதி கவிழும். ஆனால் கவிழப்போவது எது என்று முன்கூட்டியே தெரியாதே! ஆசைப்பட்டு ஐந்து ஆட்டத்தில் பலவீனமான டீமை எழுதினால், சராசரியாக மூன்றுக்கு மேல் சரியாக வரவேண்டிய இடத்தில் இரண்டுகூடத் தேறாது.

உங்கள் போட்டியில் பரிசு எதற்கு என்று முதலில் பாருங்கள். சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்துப் பரிசு என்றால் பொறுமையாக ஃபேவரிட்களையே எழுதிக்கொண்டு போங்கள், வீரம் காட்டுகிறவர்கள் தானாகவே பின்தங்குவார்கள். வாராவாரம் பரிசு, அதுவும் நிறையப் பேர் ஆடுகிறார்கள் என்றால் மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் மாற்றி எழுதத்தான் வேண்டும். அதற்குச் சரியான இடம் ஸ்ப்ரெட், அதாவது ஃபேவரிட் எத்தனை புள்ளியில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் போடும் கணக்கு, 3 புள்ளிக்குக் கீழே இருக்கும் ஆட்டங்கள். ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி என்பதால், இந்த விளையாட்டில் ஆட்டங்கள் மிக அதிகமாக முடிகிற வித்தியாசம் 3தான். அதற்கும் குறைவாக ஒரு டீமுக்குச் சாதகம் கொடுத்திருந்தால், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்று அர்த்தம். ஸ்ப்ரெட்டில் பத்துப் புள்ளி பின்னால் இருக்கிற டீமைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

கேள்வி: நான் பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறேன். பணம் கட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வது வேறு, ஸ்ப்ரெட்டைத் தாண்டி ஜெயிப்பார்களா என்று சொல்வது வேறு. ஸ்ப்ரெட் பந்தயத்தில் வழக்கமாக 110 டாலர் கட்டினால்தான் 100 டாலர் லாபம் வரும், ஆக நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கைக்காசு போகாமல் நிற்கும். இதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கே அது கஷ்டம். உங்கள் பத்துக்கு ஏழில் பெரும்பகுதி எல்லாருக்கும் தெரிந்த ஃபேவரிட்கள்தான், அதற்கு யாரும் பெரிதாகப் பணம் தரமாட்டார்கள்.

கேள்வி: சொந்த மைதானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாமா?

பதில்: ஒரு காலத்தில் அதற்கு 3 புள்ளி மதிப்புக் கொடுத்தார்கள், இப்போது அவ்வளவு இல்லை. 2020இல் கொரோனாவால் மைதானங்கள் காலியாகவோ பாதி நிறைந்தோ இருந்தபோது சொந்த மைதான டீம்கள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு டிரா. கூட்டத்தின் சத்தத்துக்கு எவ்வளவு பங்கு என்று அதிலேயே தெரிகிறது.

கேள்வி: காயம் பற்றிய செய்திகளை எவ்வளவு பார்க்க வேண்டும்? மழை, பனி?

பதில்: ஞாயிறு ஆட்டத்துக்குப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காயப் பட்டியல் வரும். நான் வெள்ளிக்கிழமைப் பட்டியலைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். புதன்கிழமை ஓய்வுக்காக உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் அதற்குள் திரும்பியிருப்பார்கள். ஆட்டத்துக்கு 90 நிமிஷம் முன்பு யார் ஆடவில்லை என்ற இறுதிப் பட்டியல் வந்துவிடும், அதுவரை மாற்றலாம் என்றால் காத்திருங்கள். குவாட்டர்பேக்கைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்; எதிராளிகள் அவர்மேல் பாயாமல் இரு ஓரங்களிலும் நின்று காப்பாற்றும் இரண்டு டேக்கிள்களையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், குவாட்டர்பேக் போனாலே தோல்வி என்றும் முடிவு கட்டவேண்டாம். 2023 முதல் வாரத்தில் ஜெட்ஸின் ஆரன் ராட்ஜர்ஸ் நாலாவது ஆட்டநகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியே போனார், அந்த ஆட்டத்தை ஜெட்ஸ் ஓவர்டைமில் பில்ஸிடமிருந்து 22-16 என்று பறித்தது.

மழையையும் பனியையும் விடக் காற்றைப் பாருங்கள். 2021 டிசம்பரில் பஃபலோவில் அடித்த காற்றில் பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுக்க எறிந்தது மூன்றே மூன்று பாஸ். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே 14-10 என்று ஜெயித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் பாஸை நம்பும் டீமைவிட ஓட்டத்தை நம்பும் டீமை எழுதுங்கள்.

கேள்வி: கடைசி வாரத்தில் மட்டும் எனக்கு எல்லாமே தலைகீழாகப் போகிறது. ஏன்?

பதில்: பிளேஆஃப் இடம் உறுதியான டீம்கள் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிடுவார்கள். 2024 சீசனின் 18வது வாரத்தில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 15-1 என்ற நிலையில், முதலிடம் உறுதியாகிவிட்டதால் தங்கள் குவாட்டர்பேக் மஹோம்ஸை ஆடவிடவில்லை. ஜெயித்தால்தான் பிளேஆஃப் நிச்சயம் என்ற நிலையில் இருந்த டென்வர் பிராங்கோஸ் 38-0 என்று ஜெயித்தது. அந்த வாரம் எழுதுவதற்கு முன், எந்த டீமுக்கு இன்னும் வெற்றி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.