கேள்வி–பதில்: ஏட்டில் நிற்கும் 194

பாலஸ்தீன அகதிகள் பேச்சு வந்தாலே ‘194-ஆம் தீர்மானம்’ என்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகர், திண்டுக்கல்

1948 டிசம்பர் 11 அன்று, பாரிஸில் கூடியிருந்த ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் அது. மொத்தம் 15 பத்திகள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது 11-ஆவது பத்தியை. 1948 போரில் ஊரை விட்டு வெளியேறிய அகதிகளில், ஊர் திரும்பி அக்கம்பக்கத்தாரோடு சமாதானமாக வாழ விரும்புகிறவர்களை, நடைமுறையில் இயன்ற அளவு சீக்கிரம் அனுமதிக்க வேண்டும். திரும்ப விரும்பாதவர்களின் சொத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது. கெடு தேதி கிடையாது. யார் பணம் கட்டுவது என்று பார்த்தால், ‘பொறுப்புள்ள அரசுகள் அல்லது அதிகாரிகள்’ என்று நிறுத்திக்கொள்கிறது. இஸ்ரேலின் பெயர் அந்தப் பத்தியில் இல்லவே இல்லை.

அந்தத் தீர்மானத்தை அரபு நாடுகளே எதிர்த்தன என்று ஒரு நண்பர் சொல்கிறார். கதை விடுகிறாரா?
– வாசகி, சேலம்

இல்லை, நிஜம்தான். எகிப்து, இராக், லெபனான், சவூதி அரேபியா, சிரியா, ஏமன் ஆகிய ஆறும் எதிர்த்து வாக்களித்தன. ஆதரித்தால் இஸ்ரேல் என்ற நாட்டையே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற கவலை. சோவியத் அணியும் எதிர்ப்புதான். இந்தியா நடுநிலை வகித்தது.

பிரிட்டன் கொண்டுவந்த வரைவு, அரசியல் கமிட்டியில் 25-க்கு 21 என்றுதான் தேறியது. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமே! அதனால் பாலஸ்தீனத்தை யூத, அரபு நாடுகளாகப் பிரிக்கும் ஐ.நா.வின் 1947 பிரிவினைத் திட்டத்தையும், அந்த செப்டம்பரில் ஜெருசலேமில் கொல்லப்பட்ட ஐ.நா. தூதர் பெர்னடாட்டின் எல்லை யோசனைகளையும் தொட்ட வரிகளை வெட்டினார்கள். பிறகு 35 ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை. நடுநிலை கணக்கில் சேராது. 50 வாக்கில் 34 தேவை. ஒரே ஒரு வாக்கு கூடுதல்! எல்லையைப் பற்றி வாய் திறக்காததால்தான் அது பிழைத்தது. பின்னால் பேச்சுவார்த்தை மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

லொசான் பேச்சுவார்த்தை ஏன் முறிந்தது?
– வாசகர், தஞ்சாவூர்

194 அமைத்த சமரசக் குழுவில் அமெரிக்கா, பிரான்ஸ், துருக்கி மூன்றும் இருந்தன. 1949 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இரு தரப்பையும் கூட்டினார்கள். கூட்டினார்கள் என்பதுகூட மிகை. அதிகாரபூர்வமாக ஒரே மேஜையில் அவர்கள் உட்காரவில்லை. குழு உறுப்பினர்கள்தான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்தார்கள்.

அரபு நாடுகள் ஒரே அணியாக வந்து, ‘முதலில் அகதிகள், பிறகு மற்றது’ என்றன. இஸ்ரேலோ, ‘ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசுவேன், அகதிகள் விஷயம் மொத்த சமாதானத்தின் ஒரு பகுதி’ என்றது. மே 11 அன்று இஸ்ரேலுக்கு ஐ.நா. உறுப்பினர் இடம் கிடைத்தது. மறுநாளே இரு தரப்பும், 1947 பிரிவினை வரைபடத்தைப் பேச்சுக்கு அடிப்படையாக ஏற்றுத் தனித்தனிப் பிரதிகளில் கையெழுத்திட்டன. அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள்.

அமெரிக்கா நெருக்கியதும், கோடையில் ஒரு லட்சம் பேரை ஏற்பதாக இஸ்ரேல் சொன்னது. அகதிகளோ ஏழு லட்சத்துக்கு மேல். அந்த ஒரு லட்சத்திலும் ஏற்கெனவே திரும்பியிருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முழு சமாதானம் வந்தால்தான் என்ற நிபந்தனை வேறு. அரபுத் தரப்பு மறுத்தது. அமெரிக்காவும் போதாது என்றது. செப்டம்பரில் கடையைக் கட்டினார்கள். சமரசக் குழுவால் கேட்டுப் பார்க்க முடியும், கட்டாயப்படுத்த முடியாது. எதை முதலில் பேசுவது என்பதையே அவர்களால் முடிவுசெய்ய முடியவில்லை. என் பார்வையில் லொசானின் மூலக்கோளாறு இதுதான்.

பாலஸ்தீன அகதிகள் பற்றி ஆண்டுதோறும் ஐ.நா.வில் வாக்கெடுப்பு நடக்கிறதே, பலன் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பொதுச்சபைத் தீர்மானம் பரிந்துரைதான், நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1949-இல் உருவான அகதிகள் நிவாரண முகமையின் ஆயுள் இந்த வாக்கில்தான் இருக்கிறது. பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கிறார்கள். நீட்டித்தால் பள்ளியும் மருத்துவமனையும் தானாக ஓடிவிடாது. செலவில் பெரும்பங்கு நாடுகள் மனமுவந்து தரும் நன்கொடை. கையைத் தூக்கிய நாடு காசோலையையும் நீட்டும் என்று உறுதியில்லை.

1967-இன் பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 242 ‘அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு’ என்கிறது. எந்த அகதிகள்? சொல்லவில்லை. அரபு நாடுகளிலிருந்து வெளியேறிய யூதர்களும் இதில் அடக்கம் என்று இஸ்ரேல் வாதிட அந்த மௌனம் இடம் கொடுத்தது.

அப்படியானால் அகதிகள் கைக்கு எதுவுமே வரவில்லையா?
– வாசகி, காரைக்கால்

கொஞ்சம் வந்தது. பார்க்ளேஸ், ஒட்டோமான் வங்கிகளின் கிளைகளில் முடங்கிக் கிடந்த அகதிகளின் கணக்குகளை விடுவிக்கச் சமரசக் குழு இஸ்ரேலோடு பேசியது. 1950-களில் பணம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. காரணம் எளிது: பணத்தைத் திருப்பித் தர எந்த எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதே குழு பிரிட்டிஷ் காலத்து நிலப் பதிவேடுகளைப் புரட்டி, அரபு மக்களின் நிலங்களைத் துண்டு துண்டாக அடையாளம் கண்டு, மதிப்பும் போட்டு 1964-இல் முடித்தது. அந்த ஆவணங்கள் ஐ.நா. வசம் இன்றும் இருக்கின்றன.