சுக்குக் காப்பியில் ஆவி தெரியவில்லையா? கேமராவை மாற்றாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் சின்னதாக ஒரு உணவகம் நடத்துகிறேன். மார்கழி, தை குளிருக்குச் சுக்குக் காப்பி, மிளகு ரசம், வெண்பொங்கல் என்று தனி மெனு போட்டிருக்கிறோம். மெனு அட்டைக்கும் டெலிவரி செயலிக்கும் படம் வேண்டும். செல்போனில் எடுத்தால் ஆவியே விழுவதில்லை, ரசம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிகிறது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா? ஒரு ஏஜென்சிக்காரர், ‘ஆவி எஃபெக்ட்’ உட்பட பேக்கேஜாக எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கேமரா வேண்டாம். கடைக்காரர் லென்ஸ், ஃப்ளாஷ், ஸ்டாண்டு என்று அடுக்கிக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து எடுத்தால் அப்போதும் ஆவி தெரியாது. உங்கள் சிக்கல் வெளிச்சம் வரும் திசையில் இருக்கிறது.

நாம் ஆவி என்று பார்ப்பது மிக நுண்ணிய நீர்த்துளிகள். அவற்றின் மேல் பட்ட வெளிச்சம் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே சிதறும். ஓட்டுக்கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்கம் நின்று, பின்னால் இருட்டு இருந்தால்தான் அது தெரியும். ஆவியும் அப்படியே. வெளிச்சம் டம்ளருக்குப் பின்னாலிருந்து, சற்றுப் பக்கவாட்டில் வர வேண்டும். ஆவிக்குப் பின்னணியாகக் கருமையான ஏதாவது இருக்க வேண்டும். செல்போன் ஃப்ளாஷ் முன்னாலிருந்து அடிப்பதால் ஆவியைக் கொன்றுவிடும்.

காலை ஏழரை மணிவாக்கில் கடை ஜன்னலோரம் ஒரு மேசை போடுங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரே, கொஞ்சம் இடப்பக்கமாக இருக்கட்டும். டம்ளருக்கு இரண்டு அடி பின்னால் கறுப்புக் கம்பளியோ பழைய மரப்பலகையோ நிறுத்துங்கள், ஜன்னலை மறைத்துவிடாதீர்கள். டம்ளருக்கு முன்னால், படத்துக்குள் வராதபடி, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டு வைத்தால் நிழல் பக்கம் இருண்டு போகாது. அப்புறம் டியூப்லைட், எல்இடி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ரசம் பச்சையடிப்பது அவற்றால்தான்: ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் இன்னொரு நிறம், போன் இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறது. ப்ரோ மோட் இருந்தால் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ‘மேகமூட்டம்’ என்பதில் வையுங்கள்; படம் கொஞ்சம் வெதுவெதுப்பான நிறத்துக்கு வரும்.

மலையில் இருப்பது உங்களுக்கு ஒரு வரம். காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு ஆவி. சென்னையில் ஏப்ரல் மாதம் இதே காப்பியை வைத்துக்கொண்டு நான் படும் பாடு உங்களுக்கு இல்லை. ஃபேன் மட்டும் ஓடக் கூடாது, ஜன்னல் வழி காற்று வீசவும் கூடாது.

முதலில் வெந்நீர் ஊற்றிய டம்ளரை வைத்து ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளர் என்றால் இந்த வெந்நீர் அதைச் சூடாக்கியும் வைக்கும். உள்விளிம்பில் பனி படியாது. போன் திரையில் டம்ளர் விளிம்பு தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். அதன் பிறகு கொதிக்கும் காப்பியை ஊற்றித் தொடர்ச்சியாக இருபது, முப்பது படம் எடுங்கள். அதில் ஒன்றிரண்டில் ஆவி அழகாகச் சுருண்டிருக்கும். நைட் மோட் வேண்டாம். பல படங்களை ஒன்றாக்கும்போது ஆவி கரைந்துபோகும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். ஆவியின் ஓரத்தையும் கண்ணாடி விளிம்பையும் அது தாறுமாறாக வெட்டும். கிட்டே போய் எடுக்காமல் தள்ளி நின்று இருமடங்கு ஜூமில் எடுத்தால் லென்ஸில் ஆவி படியாது.

ரசத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே நெய் மிதந்தால் அது மூடிபோல ஆவியை அடக்கிவிடும். அதனால் நுரை பொங்கி வரும்போது இறக்கி, தாளிக்காமலேயே கிண்ணத்தில் ஊற்றுங்கள். நெய் வடித்த கடுகு, கறிவேப்பிலையை ஸ்பூனால் மேலே வைத்து உடனே எடுங்கள். நுரை அடங்கிவிட்டால் அந்த ரசம் படத்துக்கு ஆகாது, சாப்பிட்டுவிடலாம். பொங்கலுக்கு ஆவியைவிட மினுமினுப்பு முக்கியம். எடுக்கும் நொடியில் சூடான நெய் ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

இனி அந்த ‘ஆவி எஃபெக்ட்’. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஒட்டும் ஒரே வெள்ளைப் புகை அது. பொங்கலுக்கும் அதே சுருள், காப்பிக்கும் அதே சுருள். சிலர் ஊதுபத்தியைக் கிண்ணத்துக்குப் பின்னால் செருகுவார்கள். ஊதுபத்திப் புகை நீலம் பாய்ந்து ஒற்றை நூலாக எழும்பும், உணவின் ஆவி வெள்ளையாக அகலமாகப் பரவும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதற்குத் தனிக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய வலை, படம் யாருக்குச் சொந்தம் என்பது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி பொதுவாக எடுத்தவருக்கே உரிமை. ஆனால் பிரிவு 17-இல் ஒரு விலக்கு உண்டு: நீங்கள் பணம் கொடுத்து, நீங்கள் சொல்லி எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் நீங்கள்தான் முதல் உரிமையாளர். அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற இரண்டு சொற்களில்தான் ஏஜென்சிகள் பிழைக்கின்றன. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘படங்களின் உரிமை எங்களுக்கே’ என்று இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அடுத்த மாதம் உங்கள் ரசம் குன்னூரில் இன்னொரு கடையின் மெனுவில் இருக்கும், கேட்க முடியாது. எடுப்பவர் ஏஜென்சி அனுப்பிய பையன் என்றால் சிக்கல் கூடும்: அவருக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னது ஏஜென்சி, உங்களை அங்கே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே உரிமை முழுவதும் உங்களுக்கு மாற்றித் தரப்படுவதாக எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள், வாய்ச்சொல் செல்லாது. எத்தனை ஆண்டு என்றும் எழுதச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். புகைப்படத்துக்கான பதிப்புரிமையோ எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து இன்னும் 60 ஆண்டுகளும். எழுதித் தர மறுத்தால் அந்த ஏஜென்சியே வேண்டாம். இணையத்திலிருந்து இறக்கிய படத்தைப் போடும் யோசனையும் வேண்டாம். அது யாரோ ஒருவருடைய சொத்து.

செயலியில் ஏற்றும்போது பொறுமை வேண்டும். ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அளவு, அதுவும் சொல்லாமல் மாறும். ‘தரம் போதவில்லை’ என்ற ஒற்றை வரியோடு படம் திரும்பி வரும். என்ன தரம் என்று கேட்டால் இயந்திரம் மறுபடியும் அதே வரியை அனுப்பும். உணவகக்காரரிடம் கமிஷன் பிடிப்பதற்கு இருக்கும் சுறுசுறுப்பு, பதில் சொல்வதற்கு இருப்பதில்லை. நாம் செய்யக்கூடியது, டம்ளருக்கு மேல் தாராளமாக இடம் விட்டு எடுப்பது. இல்லாவிட்டால் அவர்கள் வெட்டும் வெட்டில் முதலில் போவது ஆவிதான். செயலிக்கென்று நேர் மேலிருந்தும் ஒன்று எடுத்து வையுங்கள். அந்தக் கோணத்தில் ஆவி விழாது, லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் சின்னக் கட்டத்தில் என்ன உணவு என்று தெளிவாகத் தெரியும். பக்கவாட்டுப் படம் மெனு அட்டைக்குப் போகட்டும்.